சம்பங்கிக்குத் தண்ணீரே எமன்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தைப்பூசம் முடிந்த இரண்டாவது வாரம், கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்து, கெடு முடிய இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. பாதி வீடுகளில் கதவு, ஜன்னலைக் கூடக் கழற்றி விட்டார்கள். ஆயாக் கொட்டகையின் கூரைத் தகரம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தடியில் ஒரு மூதாட்டி மட்டும் தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்ன மண்வெட்டியால் மெல்ல மெல்லத் தோண்டிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா தோண்டுறீங்க? நகை நட்டு ஏதாவது பொதைச்சு வெச்சிருக்கீங்களா?” என்று விளையாட்டாகக் கேட்டோம்.

“நகைதான் தம்பி. சம்பங்கிக் கெழங்கு. எம் மாமியா வேற தோட்டத்துலேர்ந்து இங்க வந்தப்போ மடியில கட்டிக்கிட்டு வந்தது. மாமரத்தத் தூக்கிட்டுப் போவ முடியுமா? முருங்கய வெட்டிட்டுப் போவ முடியுமா? வருச வருசமா வேல செஞ்சதுக்குக் கணக்குப் போட்டாங்க. வச்ச மரத்துக்கு ஒரு கணக்கும் இல்ல. இதையாச்சும் எடுத்துக்கிட்டுப் போறேன்” என்றார் அந்த அம்மா.

நாமும் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைத் தட்டிக் கொடுத்தோம். பூண்டுப் பற்கள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த பழுப்புக் கிழங்குகள், முக்கால் சாக்கு வந்தன. புறப்படும்போது கைநிறைய அள்ளி நமக்கும் கொடுத்தார். எண்ணிப் பார்த்தோம், பதினொன்று. அந்தப் பதினொன்றுக்கு நேர்ந்த கதியை வாசகர்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு முன்பு பூவைப் பற்றிக் கொஞ்சம்.

சம்பங்கி என்றதும் சிலருக்குச் செண்பக மரம் நினைவுக்கு வரும். மலாய்க்காரர் செம்பாக்கா என்பார்களே, அது வேறு. கொடியில் பூக்கும் சம்பங்கி ஒன்றும் உண்டு. நாம் சொல்லுவது நிலச்சம்பங்கி. கோரைப்புல் மாதிரி நீளமான இலை, நடுவிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஒரு தண்டு, அதில் கீழிருந்து மேலாக ஜோடி ஜோடியாய் வெள்ளைப் பூ. கலியாண மாலையில் தொட்டால் மெழுகு போல வழவழப்பாக இருக்குமே, அதேதான். மலாய் மொழியில் இதற்குச் சுண்டால் மாலாம் என்று பெயர். இராத்திரியில் மணம் வீசுவதால் ஒரு பொல்லாத பெண்ணின் பெயரை இதன் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தோனேசியாவில் கொஞ்சம் இரக்கப்பட்டு, செடாப் மாலாம், அதாவது இரவின் இனிமை என்கிறார்கள். இந்த மணம் வந்தால் பொந்தியானாக் பேய் வருகிறது என்று சின்ன வயதில் நம்மைப் பயமுறுத்தியவர்கள் உண்டு. 2004-ஆம் ஆண்டில் பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம் என்று ஒரு மலாய்ப் பேய்ப்படமே வந்தது. பேய்க்கும் பூவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரவில் பறக்கும் அந்துப்பூச்சியைக் கூப்பிடுவதற்காக இந்தப் பூ மணக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

நம் கோயில்களிலும் கலியாணங்களிலும் இவ்வளவு ஒட்டிப் போன இந்தப் பூ, நம்ம ஊர்ப் பூ அல்ல. இந்தியப் பூவும் அல்ல. இதன் தாய்நாடு மெக்சிகோ. அங்கே வெள்ளைக்காரன் கால் வைப்பதற்கு முன்பே ஆஸ்டெக் மக்கள் இதைத் தோட்டத்தில் வைத்து வளர்த்தார்கள். எலும்பு போல வெளுத்திருப்பதால் எலும்புப்பூ என்று அவர்கள் மொழியில் அழைத்தார்கள். காட்டில் தானாக முளைத்த நிலச்சம்பங்கியை இன்று காண முடியாது. மனிதன் கைபட்டே வாழ்ந்து வந்த செடி இது. தாவர ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது இதை ஆனைக்கற்றாழைக் குடும்பத்தோடு ஒன்றாகச் சேர்த்து, அகேவ் என்ற பெயருக்குள் அடக்கிவிட்டார்கள். முள்ளும் மடலுமாக நிற்கும் ஆனைக்கற்றாழைக்கும் இந்தப் பூவுக்கும் உறவு என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் அந்த உறவைத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் இந்தச் செடி பிழைக்கும். மெக்சிகோவின் அந்தப் பகுதிகளில் சில மாதம் மழை, பிறகு நீண்ட வறட்சி. மழையில் வளர்ந்து, பூத்து, வறட்சியில் கிழங்குக்குள் சத்தைப் பூட்டிக்கொண்டு தூங்குவதே இதன் பழக்கம்.

தமிழ்நாட்டில் இது பெரும் பயிராக நடப்பது எங்கே என்று பாருங்கள். நிலக்கோட்டை, சத்தியமங்கலம். மழைக்கு வானத்தைப் பார்க்கும் வட்டாரங்கள். அங்கே ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. நம் தீபகற்பத்திலோ சுமார் 2,500 மில்லிமீட்டர்! மூன்று மடங்கு. அந்த வறண்ட நாட்டுப் பிள்ளையை இந்தக் குளத்தில் கொண்டு வந்து விட்டால் என்ன ஆகும்?

நம் பதினொரு கிழங்குக்கும் அதுதான் ஆனது.

வீட்டு முன்னால், கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில், ‘செழிப்பான மண்’ என்று நினைத்து நட்டோம். ஆசை மிகுதியில் காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றினோம். மூன்றாவது வாரம் ஐந்தாறு முளைத்தன. சித்திரை மழை பிடித்ததும் இலை மஞ்சளாகியது. ‘தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது’ என்று இன்னும் ஊற்றினோம்! ஒருநாள் இலையைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு அழுகி, கஞ்சி போல நாறியது. ஒன்றே ஒன்று மட்டும், சிமெண்டுத் தரை விரிசலோரம் எப்படியோ தப்பி நின்றது. கிழங்கு கொடுத்த அம்மாவிடம் இதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆறு மாதம் போகாமலே இருந்தோம்.

பிறகு போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “தம்பி, இது காயப்போட்டா சாவாது. ஊறப்போட்டாத்தான் சாவும்” என்றார். அவர் அப்போது தாமான் ஓரத்து மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் நாலாவது மாடியில் இருந்தார். நடைபாதையில் கம்பி ஓரமாக வரிசையாய்க் கறுப்புப் பைகள். செம்பனை நாற்று வளர்க்கும் பாலிபேக்! நர்சரியில் கிழிசல் என்று ஒதுக்கி வீசுகிறார்களே, அதே பைகள்தான். அவரிடம் கேட்டறிந்ததையும், நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் கீழே எழுதுகிறோம்.

பையும் மண்ணும்

தோட்டத்தில் இன்னும் இருக்கிறவர்களுக்கு நர்சரிப் பை கிடைப்பது சிரமமில்லை. பெரிய பை என்றால் ஏறக்குறைய 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம் இருக்கும். விளிம்பை மடித்து ஓரடி உயரமாக்கிக்கொண்டால் போதும். அடியில் ஓட்டை அடைந்திருக்கிறதா என்று பார்த்து, இன்னும் நாலைந்து போட்டு விடவும். பையைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைப்பது நல்லது. தகர டின், பழைய வாளி எதுவானாலும் இதே முறைதான். கீழே தட்டு வைக்கவே கூடாது. தட்டில் தேங்கும் தண்ணீர் கிழங்கையும் கொல்லும், ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதக் கடிதம் வேறு வீடு தேடி வரும்.

மண் கலவை: தோட்டத்து மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி அல்லது ஆட்டுப் புழுக்கை ஒரு பங்கு. பச்சைச் சாணி வேண்டாம். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

இங்கே இன்னொரு விஷயம். நம் தோட்டத்து மண்ணில் பெரும்பாலும் புளிப்பு அதிகம். கித்தாவுக்கும் செம்பனைக்கும் அது பொறுக்கும். சம்பங்கிக்குப் பொறுக்காது. ஆகவே பைக்கு ஒரு கைப்பிடி விவசாயச் சுண்ணாம்புத் தூள் கலந்து, இரண்டு வாரம் கழித்து நடவேண்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் விறகுச் சாம்பல். (ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். கடையில் சின்னப் பொட்டலமாகவே விற்கிறது.) யூரியாவைக் கண்ணில் காட்டாதீர்கள். இலை முழ முழமாக வளரும், பூ வராது. ‘நம்ம வீட்டுச் சம்பங்கி காடா இருக்கு, ஒரு பூவக் காணோம்’ என்று சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் சிறுநீரோ, யூரியாவோ ஊற்றினவர்கள்தாம்.

நடவு

கட்டைவிரல் பருமன் உள்ள கிழங்கையே நடுவதற்கு எடுக்க வேண்டும். சுண்டுவிரல் அளவில் இருப்பவை அடுத்த ஆண்டுதான் பூக்கும். அவற்றைத் தனியாக ஒரு பையில் பிள்ளைகளைப் போல வளர்க்கலாம். பூமியிலிருந்து எடுத்த கிழங்கை உடனே நடக்கூடாது. நிழலில் பரப்பி, காற்றோட்டமாக ஒரு மாதம் கிடத்த வேண்டும். நமக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். கிழங்குக்கு அது ஊரிலிருக்கும் கோடைகாலம்.

பெரிய பைக்கு நாலு கிழங்கு. கூர்முனை மேலே பார்க்க இரண்டு அங்குல ஆழம். நட்டதும் ஒருமுறை நன்றாக நனையும்படி ஊற்றிவிட்டு, முளை தெரிகிற வரைக்கும் வாளியைத் தொடாதீர்கள். முளைத்த பிறகு, விரலை மண்ணில் இரண்டு கணு வரைக்கும் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரம் ஒட்டினால் சும்மா இருக்கவும். ஒரே ஒரு விதிவிலக்கு: பூத்தண்டு எழும்பிவிட்டால் காய விடக்கூடாது. அப்போது காய்ந்தால் மொட்டு சிறுத்துப் போகும். வெயில் அரை நாளாவது முழுசாக விழ வேண்டும். கித்தா மரத்து நிழலில் வைத்துவிட்டுப் பூவை எதிர்பார்ப்பதில் பயனில்லை.

எந்த மாதம் நடுவது? மேற்குக் கரையில் இருக்கிறவர்கள் பொங்கல் முடிந்து வெயில் காயும் தை, மாசியில் நட்டால், சித்திரை, வைகாசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் தண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை வரும்போது பையைத் தூக்கி வராந்தாவுக்குள் வைத்துக்கொள்ளலாம். தரையில் நட்டவர் அதைச் செய்ய முடியாது. கிழக்குக் கரைக்காரர்கள் பெருமழை ஓய்ந்த பிறகே நடவேண்டும்.

வாழைக்குத் தம்பி

இதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. ஒரு கிழங்கு ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் அந்தக் கிழங்கு தேய்ந்து போகும். அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு குட்டிக் கிழங்குகள் பிறந்திருக்கும். அவையே அடுத்துப் பூக்கும். குலை தள்ளிய வாழை மடிந்து, பக்கத்துக் கன்று எழும்புகிற அதே கணக்கு. இது தெரியாமல், ‘ஒரு தடவ பூத்துச்சு, அப்புறம் செத்துப் போச்சு’ என்று பிடுங்கிக் குப்பையில் போட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பிடுங்கி எறிந்தது தாயை மட்டுமல்ல; ஒரு டஜன் பிள்ளைகளை.

இதையே சாதகமாக வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. நாமே பட்டணத்துச் செடிக்கடை ஒன்றில் பெரிய பெரிய கிழங்காகப் பார்த்து வாங்கி வந்தோம். அத்தனையும் பூத்து முடிந்த தாய்க்கிழங்கு! நடுவிலே காய்ந்த தண்டின் கட்டை மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள். இருந்தால் அது வேலை முடிந்து ஓய்வு பெற்ற கிழங்கு.

இரண்டு, மூன்று வருஷத்தில் பை முழுக்கக் குட்டிகள் நெருக்கியடித்து, பூ சிறுக்கத் தொடங்கும். அப்போது கவிழ்த்துக் கொட்டி, பிரித்து, காயப்போட்டுப் புதிய மண்ணில் நடவேண்டும்.

பகைவர்கள்

இலையின் அடியில், மண்மட்டத்தில் பஞ்சு போல வெள்ளை நூலும், அதன் மேல் கடுகு போலப் பழுப்பு மணிகளும் கண்டால், அது தண்டழுகல் பூசணம். மழை நாட்டில் சம்பங்கிக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. மருந்து தேடிக்கொண்டிராமல் அந்தச் செடியை மண்ணோடு அள்ளிக் கட்டிக் குப்பைக்கு அனுப்பவும். சாக்கடையில் கொட்டினால் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேரும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அந்த மண்ணில் மறுபடியும் சம்பங்கி வேண்டாம். ஒரு பருவம் செண்டுமல்லி போட்டால் புழு குறையும். மண் கலக்கும்போது வேப்பம் பிண்ணாக்கு ஒரு பிடி சேர்ப்பதும் நல்லது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சிக் கழகத்தார் சிருங்கார் என்றொரு ரகத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். அது இந்தப் புழுவை ஓரளவு தாங்கும். நம் லயங்களில் வழிவழியாக இருப்பது பெரும்பாலும் பழைய ஒற்றைச் சம்பங்கி.

ஒற்றையா, அடுக்கா என்று கேட்டால், மாலைக்கும் மணத்துக்கும் ஒற்றைதான். அடுக்குச் சம்பங்கி ஜாடியில் வைக்க அழகு; வாசம் கொஞ்சம் மட்டு.

பறிப்பது

உதிரிப்பூ வேண்டுமென்றால் விடியற்காலையில், பிரட்டுக்குப் போகும் நேரத்துக்கு முன்பே, அன்றைக்கு விரியப்போகிற மொட்டாகப் பார்த்துப் பறித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு பறித்தால் வாடும். முழுத் தண்டாக வெட்டுவதென்றால் அடியில் ஒன்றிரண்டு ஜோடி விரிந்ததும் வெட்டலாம். மிச்சம் ஜாடியில் ஒவ்வொன்றாக விரியும்.

மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் ஓர் அதிசய ஒற்றுமை. பறித்த பிறகும் இவை மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பழைய காலத்தில் பிரான்சு நாட்டுக் கிராஸ் நகரத்தார், கொழுப்பைத் தட்டில் பூசி அதன் மேல் சம்பங்கியைப் பரப்பி, அந்த மணத்தைக் கொழுப்பு குடிக்கும்படி செய்து வாசனைத் தைலம் எடுத்தார்கள். இன்று சத்தியமங்கலம், கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைகளில் ரசாயனம் விட்டுப் பிழிகிறார்கள். ஒரு கிலோ வாசனைச் சாந்துக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ பூ வேண்டும். காலையில் கட்டிய சம்பங்கி மாலை சாயங்காலப் பூசையில் காலையைவிடத் தூக்கலாக மணப்பதற்கும் காரணம் இதுதான்.

விற்றுப் பணமாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்துப் பைக்கு வியாபாரம் ஆகாது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கும், பிள்ளையின் பிறந்தநாளுக்கும், பக்கத்துக் கோயிலுக்கும் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் பூவுக்கு வெள்ளி கொடுக்கிற குடும்பங்களுக்கு, அந்தச் செலவில் ஒரு பகுதி நிச்சயமாக மிஞ்சும். ஐம்பது, அறுபது பை வைக்க வெயில்பட்ட இடமும், பூக்கடைக்காரர் ஒருவரின் வாக்கும் இருந்தால் பிறகு யோசிக்கலாம். வாக்கு வாங்காமல் பையை அடுக்காதீர்கள்.

இடம் மாறுகிறவர்களுக்கு

தோட்டம் கைமாறி, லயத்தை விட்டுக் கிளம்ப வேண்டியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முடிந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். தோண்டி எடுத்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, மண்ணை உதறி, நிழலில் உலர்த்தி, சல்லடை போன்ற வெங்காயச் சாக்கில் போட்டுத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் லாரியிலேயே புழுங்கி அழுகிவிடும். புது வீட்டில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ஒதுங்கி, மூச்சு விட ஒரு மாதம் ஆகும் அல்லவா? கிழங்குக்கும் அதே ஒரு மாதம்தான் வேண்டும்.

பழைய மண்ணை மட்டும் கொண்டு போக வேண்டாம். நூற்புழுவும் பூசணமும் அதோடுதான் பயணம் செய்யும். இதைப் பற்றி அந்த அம்மாவோடு அன்றைக்கே நமக்கு வாக்குவாதம். கிழங்கை மண்ணோடு அள்ளிச் சாக்கில் போட்டார். நாம் தடுத்தோம். “நாப்பது வருசமா மிதிச்ச மண்ணு தம்பி” என்றார். “கிழங்குக்கு ஆகாதும்மா” என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒவ்வொரு கிழங்காக உதறிப் போட்டார். பிறகு வீட்டுக்குள்ளே போய், மைலோ டின் ஒன்றைக் கொண்டு வந்து, உதறிய மண்ணை அதில் நிரப்பி, மூடியை அமுக்கி மூடினார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது மாடியில் அந்த டின் சாமி மேடைக்கு அடியில் இருக்கிறது. அதில் எதையும் நடவில்லை.

நாலாவது மாடியில் பூக்குமா என்று நமக்குச் சந்தேகம் இருந்தது. கிழக்கு வெயில் விழுகிற நடைபாதை, மழைச் சாரல் குறைவு, தண்ணீர் தேங்க வழியே இல்லை. பார்க்கப்போனால் லயத்து ஜன்னலோரத்தைவிட அதுதான் மெக்சிகோவுக்குக் கிட்டே! சென்ற ஆண்டு தீபாவளி வாரத்தில் ஏழு தண்டு ஒன்றாக எழும்பியதாம். பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் முதல் இரண்டு ராத்திரி பயந்து கதவைச் சாத்திக்கொண்டாராம். மூன்றாம் நாள் அவரே வந்து, பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு கிழங்கு கேட்டிருக்கிறார். “குடுத்தீங்களா?” என்றோம்.

“நாலு குடுத்தேன். ஒண்ணு குடுத்தா ஊறப்போட்டுக் கொன்னுடுவாங்க, ஒன்ன மாதிரி” என்றார்.

நம் வீட்டில் சிமெண்டு விரிசலோரம் தப்பிய அந்த ஒற்றைக் கிழங்கு, பைக்கு மாறி, இப்போது குட்டிகளோடு இரண்டு பை ஆகியிருக்கிறது. போன வாரம் ஒன்றில் தண்டு தெரிந்தது.